பத்து லட்சத்து நூற்று இருபத்தொன்று

கணக்கு டீச்சராகப் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னைப் பார்க்க வந்தால் கேட்பது ஒரே கேள்விதான். பிள்ளைகளுக்குக் கணக்கு என்றால் பயம், அதை எப்படிப் போக்குவது? எனக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை என் வகுப்பில் பயந்தவர்கள் பயந்துகொண்டேதான் இருந்தார்கள். அதில் பாதிப் பேர் இன்று பட்டுக்கடை வைத்து நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆகவே அந்தப் பேச்சை விடுங்கள். நான் உங்களுக்கு ஓர் எண்ணைப் பற்றியும், அந்த எண்ணை என்னோடு சேர்ந்து வகுத்துப் பார்த்த ஒருவரைப் பற்றியும் சொல்கிறேன்.

எண் இதுதான்: 1000121. பத்து லட்சத்து நூற்று இருபத்தொன்று.

அறுபதுகளின் கடைசி. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. கணக்குக்கு இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருவர் நீண்ட விடுப்பில் போய்விட, அந்த இடத்துக்குத் தற்காலிகமாக ஒருவர் வந்தார். தென்னேரியிலிருந்து வாலாஜாபாத் வழியாகப் பஸ்ஸில் வருவார். கூலி வேலை செய்த கிறிஸ்தவக் குடும்பம். அதில் முதலில் பட்டம் வாங்கியவர் அவர்தான். பள்ளியில் எல்லோருக்கும் அவர் தென்னேரி டீச்சர். எனக்கும் அப்படித்தான். இப்போதும் நான் அவரை நினைக்கும்போது அந்தப் பெயரில்தான் நினைக்கிறேன்.

ஸ்டாஃப் ரூமில் எங்கள் இருவருக்கும் ஒரு மேஜை, ஒரு ஜன்னல். நான் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறியவள் என்பது அந்த ஜன்னலுக்குக்கூடத் தெரியும்; அவ்வளவு தடவை சொல்லியிருப்பேன். பத்து லட்சத்துக்கு மேலே ஒரு பகா எண்ணை, அட்டவணை எதையும் பார்க்காமல், நாமே கண்டுபிடித்தால் என்ன என்ற ஆசை அப்போது எனக்கு இருந்தது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண். ஏதேதோ எண்களை எடுத்து மூன்றால், ஏழால், பதினொன்றால் என்று வகுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் பாதி வழியில் வகுபட்டுப் போகும். இன்னொன்றை எடுப்பேன்.

ஒரு வாரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார் தென்னேரி டீச்சர். ஒரு மதியம் டிபன் டப்பாவை மூடிவிட்டு, "நீங்க எடுக்கிற எண்ணுக்கு ஊரே வாசலாயிருக்குது டீச்சர். பாதி வாசலாவது மூடியிருக்கிற எண்ணா எடுக்கலாமே" என்றார்.

அவர் எடுத்ததுதான் இந்த எண். ஆயிரத்தின் வர்க்கம் பத்து லட்சம். பதினொன்றின் வர்க்கம் நூற்று இருபத்தொன்று. இரண்டையும் கூட்டினால் 1000121. பொதுக் காரணி இல்லாத இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டி ஒற்றைப்படை எண் வந்தால், அதை வகுக்கக்கூடிய பகா எண் எதுவானாலும் அதை நான்கால் வகுத்தால் மீதி ஒன்றுதான் வரும். மூன்று, ஏழு, பதினொன்று, பத்தொன்பது எல்லாம் நான்கால் வகுத்தால் மீதி மூன்று தருபவை. அவை இந்த எண்ணுக்குள் நுழையவே முடியாது. தொட்டுப் பார்க்காமலே தள்ளிவிடலாம்.

இது நானும் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதுதான். ஆனால் கையில் கணக்கு வந்தபோது நினைவுக்கு வரவில்லை. பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு வகுக்க உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் புத்தி இது. வேலையைத் தொடங்குவதற்கு முன், எந்த வேலையைச் செய்யத் தேவையில்லை என்று உட்கார்ந்து யோசியுங்கள். சுறுசுறுப்பு என்று பெயர் வாங்கியவர்களுக்கு இது லேசில் வராது. எனக்கு வரவில்லை.

எண் பத்து லட்சத்தை ஒட்டியது, ஆகவே ஆயிரத்துக்குள் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவை நூற்று அறுபத்தெட்டு. அவர் மூடிய வாசல்கள் போக மீதி எண்பது. அதிலும் பத்து லட்சத்தை நீட்டி வகுக்க வேண்டாம் என்றார். ஆயிரத்தை மட்டும் வகு, மீதியை வர்க்கமாக்கு, நூற்று இருபத்தொன்றைக் கூட்டு, அதை வகு. முப்பத்தேழை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தில் மீதி ஒன்று. ஒன்றின் வர்க்கம் ஒன்று. கூட்டினால் நூற்று இருபத்திரண்டு. அதில் மூன்று முப்பத்தேழு போக மீதி பதினொன்று. முடிந்தது, முப்பத்தேழு வகுக்காது. இதைப் பஸ்ஸில் நின்றுகொண்டே போடலாம். அவர் போட்டார்.

பாதி எண்கள் அவருக்கு, பாதி எனக்கு. முடித்ததும் மாற்றிக்கொள்வது. என் எண்களை அவர் என் விடையைப் பார்க்காமல் போட வேண்டும், அவருடையதை நான் போட வேண்டும். இரண்டு கையிலும் ஒரே மீதி வந்தால்தான் அந்த எண்ணை அடிப்போம். எண்பதும் இரண்டு கையிலும் தேறினால்தான் பகா எண் என்று வாயைத் திறப்பது. இது அவர் வைத்த விதி. எனக்கு முதலில் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தது. முதல் வகுப்புக்காரியின் வகுத்தலைச் சரிபார்ப்பதாவது.

ஒரு நாள் 661-ஐப் போட்டேன். மீதி பூஜ்யம். வகுபட்டுவிட்டது! பகா எண் இல்லைதான், ஆனாலும் அதை முதலில் கண்டுபிடித்தவள் நான். எழுந்து ஓடினேன். அவர் ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வாசலில் நின்று கையை ஆட்டினேன். வெளியே வந்து கேட்டுவிட்டு, தாளைக் கையில் வாங்கவே இல்லை. திரும்பப் போடுங்கள் என்று மட்டும் சொன்னார். போட்டேன். 339-இன் வர்க்கத்தில் பிழை செய்திருக்கிறேன். உண்மையில் மீதி இருபத்தெட்டு. ஓடி வந்த மூச்சு வாங்கல் அடங்கும் முன்பே எண் மறுபடி உயிரோடு எழுந்து உட்கார்ந்துவிட்டது.

"சந்தோஷமா வர்ற விடையைத்தான் மொதல்ல சந்தேகப்படணும் டீச்சர்" என்றார். பிற்பாடு நான் எத்தனையோ பேருக்குச் சொன்ன வாசகம் இது. என் சொந்தச் சரக்கு என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். இல்லை. அவருடையது.

அந்த மாதங்களை எப்படிச் சொல்வது? மணியடித்தால் வகுப்பு, மணியடித்தால் மேஜை. வைகாசி கருட சேவையன்று ஊர் முழுக்கத் தறியை நிறுத்திவிட்டுத் தெருவில் நிற்க, பஸ் எதுவும் நகரவில்லை. தென்னேரி டீச்சர் என் வீட்டில் இருந்தார். அம்மா தெலுங்கில் ஏதோ கேட்க, அவர் தமிழில் ஏதோ பதில் சொல்ல, இருவரும் சிரித்துக்கொண்டார்கள். குடையும் வாத்தியமுமாக வாசலில் பெருமாள் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் உள்ளே டீச்சர் பங்கில் இருந்த 389-ஐப் போட்டுக்கொண்டிருந்தோம். மீதி இரண்டு. அவ்வளவு பெரிய எண்ணில் இரண்டே இரண்டு. மீதியைச் சுற்றி அவர் எப்போதும் ஒரு சின்னச் சதுரம் போடுவார், நடுவில் ஒரு கோடு இழுத்து, ஜன்னல் மாதிரி. அந்த இரண்டுக்கும் போட்டார். "வாசல் வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போச்சு, பாருங்க" என்றார்.

நான் அதற்குப் பிறகு எத்தனையோ பேரோடு வேலை செய்திருக்கிறேன். நல்லவர்கள்தான். ஆனால் ஒரு கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனால், மறு பாதி பக்கத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது என்ற நிம்மதி எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை. அதற்கு ஏங்குகிறேன். இந்த வயதிலும் ஏங்குகிறேன். சொல்வதற்கு வெட்கமில்லை.

அந்த ஆண்டு பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். அறிவியல்காரர்கள் எரிமலை செய்தார்கள். எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் அறிவியல்காரர்கள் எரிமலைதான் செய்வார்கள். கணக்குக்கு நாங்கள் சுவர் நீளத்துக்குத் தாள் ஒட்டி 1000121 என்று எழுதினோம். கீழே, 'இதை வகுக்கும் எண் உண்டா?' 'இது பகா எண்' என்றே எழுதிவிடலாம் என்றேன் நான். இன்னும் மாற்றிப் போட்டு முடிக்கவில்லையே என்று அவர் கேள்வியாகவே எழுதினார். பக்கத்தில் கரும்பலகையும் சாக்பீஸும் வைத்தோம்.

காமாட்சியம்மன் கோயிலுக்கு வந்த கூட்டமெல்லாம் உள்ளே நுழைந்துவிட்டது. எரிமலையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு எங்கள் பலகைக்கு வந்தார்கள். ஆளுக்கு ஓர் எண்ணைப் பிடித்து வகுத்தார்கள். பிறந்த தேதியால் வகுத்தார்கள், வீட்டு எண்ணால் வகுத்தார்கள். வகுபடாமல் போகப் போகச் சிரிப்பு அதிகமானது.

அப்போதுதான் தாளாளர் வந்தார், பட்டணத்திலிருந்து வந்த விருந்தாளிகளோடு. பெரிய பட்டுக் கடைக்காரர். பள்ளிக்கு நிலம் கொடுத்தவர். மனக்கணக்கில் புலி. அன்றைக்கு அவர் வருகையில் எங்களுக்கு இன்னொரு விஷயமும் இருந்தது. விடுப்பில் போன டீச்சர் இனி வரப்போவதில்லை என்று எழுதிவிட்டார். அந்த இடத்தைத் தென்னேரி டீச்சருக்கே நிரந்தரமாகக் கொடுப்பதா என்று அந்த வாரம் தாளாளர் முடிவு செய்ய வேண்டும். தலைமையாசிரியை எங்கள் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார், தாளாளர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. டீச்சருக்கு அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டில் படித்துக்கொண்டிருந்த தங்கைகள் இருந்தார்கள். எனக்கு அவர் அந்த மேஜையில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தாளாளர் சாக்பீஸை வாங்கினார். எங்கள் ஊரில் டெலிபோன் எண்கள் அப்போது மூன்று இலக்கம். கடையின் டெலிபோன் எண்ணால் வகுத்துப் பார்க்கிறேன் என்று விருந்தாளிகளிடம் சொல்லிவிட்டு எழுதினார்: 389.

நான் தென்னேரி டீச்சரைப் பார்த்தேன். அவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளாளர் மளமளவென்று வகுத்தார். ஈவு 2571. கடைசியில் இரண்டு நின்றது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "பத்து லட்சத்துல ரெண்டு. நம்ம பாவுல போற கழிவே இதுக்கு மேல இருக்கும். வகுபடுதுன்னு எழுதுங்கம்மா."

விருந்தாளிகள் கைதட்டினார்கள். விளையாட்டுதான், பாதி விளையாட்டு. மறுபாதியில், விருந்தாளிகள் முன்னால் சொன்ன சொல் நிற்க வேண்டும் என்பதும் இருந்தது. பட்டு வியாபாரத்தில் கழிவு என்று ஒன்றை ஒத்துக்கொள்ளாவிட்டால் தொழிலே நடக்காது. தறியில் ஏற்றும் பாவு நூலை எடை போட்டுக் கொடுத்தால் சேலை அதே எடையில் திரும்பி வராது. கொஞ்சம் கழிவு என்று தள்ளிவிட்டு மேலே போவதுதான் முறை. அவர் பிழை செய்யவில்லை. தன் தொழிலின் வழக்கத்தை எங்கள் பலகைக்குக் கொண்டு வந்துவிட்டார்.

சாக்பீஸை என்னிடம் நீட்டினார். தலைமையாசிரியையின் கண் 'எழுது' என்றது. எழுதினால் என்ன? நாளைக்கு அழித்துவிடும் பலகை. ஒரு வார்த்தைக்கு ஒரு வேலை. நான் சாக்பீஸை வாங்கிக்கொண்டு நின்றேன். பலகை வரை கை போகவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. என் விரலிலிருந்து அதைத் தென்னேரி டீச்சர் எடுத்துக்கொண்டார்.

"ஐயா, பட்டுல ரெண்டு இழை போனா சேலை நிக்கும். இதுல ரெண்டு போச்சுன்னா எண்ணே வேற ஆயிடுங்க. அந்த ரெண்டுக்காகத்தான் இதை இங்க எழுதி வெச்சிருக்கறோம்."

சத்தமில்லாமல், மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தாளாளர் எழுதிய இரண்டைச் சுற்றித் தன் சதுரத்தைப் போட்டு, நடுவில் கோட்டை இழுத்தார்.

தாளாளர், "புடிவாதம் ஜாஸ்திமா உனக்கு" என்று சிரித்துவிட்டு, விருந்தாளிகளை எரிமலைப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார்.

அந்த வாரம் வேலை வேறொருவருக்குப் போனது. அது கண்காட்சிக்கு முன்பே முடிவான விஷயம் என்றார் தலைமையாசிரியை. இருக்கலாம். வந்தவரும் நல்ல டீச்சர்தான், குறை சொல்லக் கூடாது. எனக்கு மட்டும் ஆறவில்லை. தாளாளரிடமே நேரில் போய்க் கேட்டுவிடுகிறேன் என்று கிளம்பினேன். தென்னேரி டீச்சர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "கேட்டு, அவரு ஆமான்னுட்டா, அப்பறம் அந்த ரெண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் வரும். வேணாம் டீச்சர். அது பாட்டுக்கு நல்லா இருக்கட்டும்."

இளையவர்களே, உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நல்லது நடந்தாலும் நடக்காவிட்டாலும் மீதி இரண்டுதான்.

தெற்கே ஒரு மிஷன் பள்ளியில் அவருக்கு வேலை கிடைத்தது. வழியனுப்பப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அதற்குள் அவருடைய பங்கு முழுவதையும் நான் சரிபார்த்து முடித்திருந்தேன். என் பங்கில் அவர் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் முடித்திருந்தார். மீந்தது 997. இருப்பதிலேயே சுலபமானது அது. சுலபமானதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது அவர் பழக்கம், பந்தியில் பாயசம் மாதிரி. இங்கேயே போட்டுவிடுங்களேன், அரை நிமிஷம் ஆகுமா என்றேன்.

"இருக்கட்டும். நானே வந்து போடுறேன்" என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

கொஞ்ச காலம் கடிதம் வந்தது. அவர் பள்ளி மாறினார். எனக்குக் கல்யாணமாகி நான் தெரு மாறினேன். பிறகு நான் எழுதியது திரும்பி வந்தது. தென்னேரிக்கே போய் விசாரித்தேன். குடும்பமும் பிழைப்புத் தேடி வேறு ஊர் போயிருந்தது. ஏரி மட்டும் நிறைந்து கிடந்தது. கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

எழுபதுகளில் ஆண்டுதோறும் பட்டணத்தில் விடைத்தாள் திருத்தும் முகாம் நடக்கும். வெயில், மோசமான சாப்பாடு. போகாமலிருக்க எல்லோரும் சாக்குச் சொல்வார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டு போவேன். எல்லா ஜில்லாவிலிருந்தும் கணக்கு டீச்சர்கள் வருவார்கள். ஒவ்வொரு ஆண்டும் முதல் நாள் காலையில் ஹாலில் நுழைந்ததும் முகங்களைத்தான் தேடுவேன். அவர் ஒரு தடவையும் வரவில்லை.

ஓர் ஆண்டு எனக்கு வந்த விடைத்தாள் கட்டில் முதல் தாளைப் பிரித்தேன். ஒரு பெண்ணின் எழுத்து. ஓரத்தில் வகுத்திருந்தாள். மீதியைச் சுற்றிச் சதுரம். சதுரத்தின் நடுவில் ஒரு கோடு.

அடுத்த தாளைப் பிரித்தேன். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். கட்டு முழுக்க, விதவிதமான எழுத்தில், அதே ஜன்னல். எங்கோ ஒரு வகுப்பறையில் அவர் கரும்பலகையில் போட்டதைப் பார்த்துப் போட்ட பிள்ளைகள்.

எந்தப் பள்ளி என்று எனக்குத் தெரியக் கூடாது. தாள்களில் பெயர் இருக்காது. மாற்று எண்தான் இருக்கும். எந்த எண் எந்தப் பள்ளி என்பது எதிரே மேஜையில் இருந்த முகாம் அதிகாரிக்குத் தெரியும். எனக்கு நன்றாகப் பழக்கமானவர். எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டால் சொல்லியிருப்பார். யாருக்கும் நஷ்டமில்லை. கழிவு என்று தள்ளிவிடலாம்.

எழுந்தேன் என்றுதான் நினைக்கிறேன். நாற்காலி நகர்ந்த சத்தம் நினைவிருக்கிறது. பிறகு உட்கார்ந்தேன். தாள்களைத் திருத்தினேன். ஒரு பெண் மீதியை அழகாகச் சதுரத்தில் அடைத்துவிட்டு அடுத்த வரியில் கோட்டைவிட்டிருந்தாள். அவளுக்கு அரை மார்க் கூடப் போட்டுவிடக் கை துடித்தது. போடவில்லை. தென்னேரி டீச்சரின் மாணவிக்கு நான் செய்யக்கூடிய மரியாதை அது ஒன்றுதான். கட்டைக் கட்டி ஒப்படைத்துவிட்டு, வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டேன். நீண்ட நேரம் கழுவிக்கொண்டேன்.

போன வருஷம் உங்களில் ஒருத்தி என் வீட்டுக்கு வந்தாள். இந்தக் கதையைப் பாதி கேட்கும்போதே செல்போனை எடுத்து எண்ணைத் தட்டி, "பிரைம்தான் மேடம்" என்றாள். கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஆயிரத்தையும் பதினொன்றையும் தவிர வேறு எந்த இரண்டு வர்க்கங்களாகவும் அதைப் பிரிக்க முடியாது என்றும் அது சொன்னது. பகா எண் என்றால் அப்படித்தான், ஒரே ஒரு ஜோடிதான்; அதற்குச் செல்போன் வேண்டியதில்லை. இவ்வளவு வருஷம் காத்திருந்த விடை கிடைத்துவிட்டது, முகத்தில் சந்தோஷத்தைக் காணோமே என்று கேட்டாள்.

அவளுக்கு அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது எல்லோருக்குமாகச் சொல்கிறேன். ஆயிரத்தை 997-ஆல் வகுத்தால் மீதி மூன்று. மூன்றின் வர்க்கம் ஒன்பது. கூட்டினால் நூற்று முப்பது. அது 997 வரை எட்டவே இல்லை, மீதியும் அதுதான். இது என் கையில் வந்த விடை. உலகத்துக்கு அது பகா எண்ணாக இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் விதிப்படி இன்னும் ஆகவில்லை. தென்னேரி டீச்சர் வந்து போட வேண்டும்.